லேமினேட் தளம் நனைந்தது, இன்சூரன்ஸ் பாதிக்குத்தான் தருவேன் என்கிறது: கையெழுத்துப் போடலாமா?

சாட்ஸ்வொர்த்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். வீடு தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில். குளியலறை வாஷ்பேசினுக்கு அடியில் இருக்கும் பின்னல் ஹோஸ், வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் பிய்ந்துகொண்டு நடை, ஹால், ஒரு படுக்கையறை மூன்றிலும் தண்ணீர் தேங்கிவிட்டது. மூன்று இடத்திலும் 8 மி.மீ. லேமினேட். நடை 6 × 1.1 மீட்டர், ஹால் 5.2 × 4.1, அறை 3.6 × 3.4. அன்றைக்கே க்ளெய்ம் பதிந்தாயிற்று. ஒன்பதாம் நாள் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்காகச் சேதத்தை மதிப்பிடும் அசெஸர் வந்தார்.

அவர் கணக்கு இப்படி: குளியலறை வாசலில் பலகை விளிம்பு கறுத்திருக்கிறது, எனவே இது நாள்பட்ட கசிவு. இருந்தாலும் 'நல்லெண்ணத்தில்' நடைக்கும் ஹாலில் உப்பின பாதிக்கும் தரலாம். படுக்கையறை மேலே பார்க்க நன்றாக இருக்கிறது, அதற்கு இல்லை. 17 சதுர மீட்டர், மீட்டருக்கு 480 ரேண்ட், ஆக 8,160. ஸ்கர்ட்டிங் (சுவரடிப் பட்டை), குப்பை அகற்றல் 1,740. எக்ஸஸ் (நான் ஏற்க வேண்டிய பங்கு) 2,500 போக 7,400 ரேண்ட். கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லி 'முழுமையான இறுதித் தீர்வு' என்று படிவம் வந்திருக்கிறது.

அதே டிசைன் பலகை இப்போது கடையில் வருவதில்லை. பாதி ஹாலை எப்படி மாற்றுவது? நாள்பட்ட கசிவு என்ற பேச்சை எப்படி மறுப்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோப்புக்கட்டு:

போடாதீர்கள். அந்தப் படிவத்தில் போட்டபின் தளத்தைப் பிரித்து அடியில் இன்னும் சேதம் கண்டால், அதைக் கேட்க வழியில்லாமல் போய்விடும். இன்னும் ஒரு பலகைகூடக் கழற்றாத நிலையில் எது 'முழுமையான' சேதம் என்று அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

அசெஸர் இரண்டு சேதத்தை ஒன்றாகக் குழைத்திருக்கிறார். வாசலில் கறுத்த விளிம்பு பழையதாகவே இருக்கலாம். அதற்கும் ஹாலில் தேங்கின தண்ணீருக்கும் என்ன சம்பந்தம்? பாலிசியில் கட்டடப் பகுதியை எடுத்து, குழாய்களும் பொருத்தங்களும் வெடித்தல், கசிதல் என்ற அபாயம் எப்படி எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் விலக்குகள். தேய்மானம், படிப்படியான சேதம், தரையிலிருந்து ஏறும் ஈரம் என்று வரிசையாக இருக்கும். அங்கே தேய்ந்த பொருளுக்கு இழப்பீடு இல்லை என்று மட்டும் இருந்தால் உங்களுக்கு நஷ்டம் அந்த ஹோஸின் விலைதான். தண்ணீரால் வந்த சேதம் உள்ளே வரும். தேய்மானத்தால் ஏற்படும் எந்தச் சேதத்துக்கும் இல்லை என்றிருந்தால் வழக்கு கடினம். ஒரு வேற்றுமை உருபில் தலையெழுத்தே மாறுகிறது, ஆகவே சுருக்க அட்டவணையைப் பார்க்காமல் முழுப் பாலிசி வாசகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

நிரூபிக்கும் பொறுப்பும் இரண்டாகப் பிரியும். திடீரென்று வெடித்துத் தண்ணீர் வந்தது என்று காட்டுவது உங்கள் வேலை. விலக்கு பொருந்தும் என்று காட்டுவது நிறுவனத்தின் வேலை. கறுப்பாக இருக்கிறது என்று ஒரு வரி எழுதினால் அது நிரூபணம் ஆகாது.

என் யோசனை, அந்த வாசல் துண்டை நீங்களே விட்டுக்கொடுங்கள். நடையின் அகலம் 1.1 மீட்டர், கறுப்பு 80 செ.மீ. நீளம் என்று வைத்தாலும் ஒரு சதுர மீட்டர் வராது. 'இது பழையது, இதற்குக் கேட்கவில்லை, மீதி 39 சதுர மீட்டருக்குக் கேட்கிறேன்' என்று எழுதினால் உங்கள் கடிதத்துக்கு எடை கூடும். எல்லாமே புதியது என்று சாதித்தால் அந்த ஒரு துண்டை வைத்தே மொத்தத்தையும் சந்தேகிப்பார்கள்.

'நல்லெண்ணத்தில்' என்ற சொல்லையும் சும்மா விடாதீர்கள். க்ளெய்மை ஏற்றுக்கொண்டீர்களா, மறுத்தீர்களா, பகுதியை மறுத்தால் எந்த விலக்கின்படி என்று எழுத்தில் கேளுங்கள். 2018-இல் வந்த பாலிசிதாரர் பாதுகாப்பு விதிகளின்படி, முடிவெடுத்த 10 நாளுக்குள் அதைத் தெரிவிக்க வேண்டும். மறுப்பு என்றால், தொகையில் தகராறு என்றாலும்கூட, காரணம் சொல்ல வேண்டும். அந்த அறிவிப்பு கையில் கிடைத்த நாளிலிருந்து எதிர்வாதம் அனுப்பக் குறைந்தது 90 நாள் உண்டு. வழக்குக்குக் கால வரம்பு வைத்திருந்தால் அந்த 90 நாளுக்குப் பின் ஆறு மாதத்துக்குக் குறையக் கூடாது. நிறுவனத்தின் உள் முறையீட்டில் தீரவில்லை என்றால் தேசிய நிதி ஆம்புட் (புகார் தீர்க்கும் நடுவர்) திட்டத்துக்குப் போகலாம், பாலிசிதாரருக்குக் கட்டணம் கிடையாது. முன்பு வீடு, வாகனம் போன்ற குறுகியகால இன்சூரன்ஸுக்குத் தனி ஆம்புட் இருந்தது. 2024 மார்ச் 1 முதல் அது இதில் இணைந்துவிட்டது. புரோக்கர் தவறான ஆலோசனை சொல்லி விற்றார் என்ற புகார் மட்டும் நிதி ஆலோசனைப் புகார்களைப் பார்க்கும் ஃபைஸ் ஆம்புடுக்குப் போகும்.

ஒரு எச்சரிக்கை. தொகையை உயர்த்திக் கேட்கும்போது அவர்கள் காப்பீட்டுத் தொகை போதுமா என்று பார்க்க ஆரம்பிப்பார்கள். வீட்டை இன்று திரும்பக் கட்ட 16 லட்சம் ரேண்ட் ஆகும், பாலிசியில் 12 லட்சம்தான் என்றால் முக்கால் பங்குதான் காப்பீடு. 40,000 சேதத்துக்கு 30,000 கணக்கிட்டு, அதில் எக்ஸஸைக் கழிப்பார்கள். திரும்பக் கட்டும் செலவு என்பது விற்பனை விலை அல்ல: நிலம் சேராது, இடிபாடு அகற்றல், வரைபடக் கட்டணம், 15 சதவீத வாட் எல்லாம் சேரும். இதை முதலில் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

மட்டப்பலகை:

தளத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பழைய ஈரமா புது ஈரமா என்பதைப் பலகையின் மூட்டே சொல்லும். தண்ணீர் புதிதாகப் புகுந்த லேமினேட்டில் மூட்டு இரண்டு பக்கமும் கூரை போல எழும்பியிருக்கும், ஆனால் மேலே உள்ள டிசைன் படலம் முழுசாக இருக்கும், நடுவிலுள்ள அழுத்தின மரநார் அட்டை வெளிர் பழுப்பாகவும் கெட்டியாகவும் இருக்கும். பழைய ஈரத்தில் எழும்பிய முனை கால் பட்டுப் பட்டுத் தேய்ந்து வெள்ளையாகத் தெரியும், மூட்டுக்குள் அழுக்கு இறுகியிருக்கும், அட்டையை நகத்தால் கீறினால் ஈர ரஸ்க் மாதிரி உதிரும். வாசல் துண்டையும் ஹால் துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே படத்தில் எடுங்கள். தடிமன் அளக்கும் வெர்னியர் இருந்தால் மூட்டில் ஒரு அளவு, பலகை நடுவில் ஒரு அளவு. நடுவில் 8.0, மூட்டில் 9 மி.மீ.க்கு மேல் என்றால் அது காய்ந்தாலும் திரும்பி உட்காராது.

படுக்கையறை மேலே நன்றாக இருப்பது ஒன்றையும் நிரூபிக்காது. வாசலில் இருக்கும் டி வடிவ பட்டை தண்ணீரைத் தடுக்கும் அணை இல்லை. தண்ணீர் அதற்கு அடியில் பிளாஸ்டிக் தாளின் மேலேயே ஓடி, பலகைக்கு அடியில் விரித்த அண்டர்லே நுரைக்குள் உட்கார்ந்துகொள்ளும். பட்டையைக் கழற்றி, கட்டைவிரலால் நுரையை அழுத்திப் பாருங்கள். கழற்றப் போவதாக அசெஸருக்கு முன்பே மின்னஞ்சல் போட்டு, தேதி சொல்லி, வர விருப்பமா என்று கேட்டுவிடுங்கள். கழற்றிய எதையும் எறியாதீர்கள். நனைந்த பலகை நாலைந்தாவது கராஜில் இருக்கட்டும்.

பாதி ஹால் விஷயத்தில் 'பார்க்க நன்றாக இருக்காது' என்று எழுதினீர்களோ, தோற்றீர்கள். சேதமாகாத பகுதியை ஜோடி பொருத்தத்துக்காக மாற்றித் தரமாட்டோம் என்று பல பாலிசிகளில் ஒரு வரி இருக்கிறது. கட்டுமானத்தைப் பற்றி எழுதுங்கள். லேமினேட் தரையில் ஒட்டப்படுவதில்லை, ஒன்றோடொன்று பூட்டி மிதக்கிறது. நடுவில் உள்ள பலகையை எடுக்க வேண்டுமானால் ஏதாவது ஒரு சுவரிலிருந்து வரிசை வரிசையாகப் பிரித்துக்கொண்டுதான் வரவேண்டும். அப்படிப் பிரிக்கும்போது பழைய பூட்டு நாக்குகள் ஒடியும். புது பலகையின் பூட்டு வேறு கம்பெனி, வேறு வடிவம்; பழையதோடு பூட்டவே பூட்டாது. டிசைன் நின்றுவிட்டது என்று விற்ற கடையிலிருந்து ஒரு வரி எழுதி வாங்கி இணைத்தால் போதும். அறை வாசலில் பட்டை போட்டு நிறுத்துவது நியாயம். அறைக்கு நடுவில் நிறுத்த இடமே இல்லை.

மதிப்பீடு வாங்கும்போது ஒற்றைத் தொகை வேண்டாம். உங்கள் அளவுக்கு மொத்தம் 40.16 ச.மீ., 10 சதவீத வெட்டுக் கழிவு சேர்த்தால் 44.18. பெட்டிக்கு 2.2 ச.மீ. என்றால் 20 பெட்டிக்கு இம்மி கூடும், 21 பெட்டி வாங்கியாக வேண்டும். அதற்கு மேல் 250 மைக்ரான் பிளாஸ்டிக் தாள், மூட்டில் 20 செ.மீ. ஒன்றின் மேல் ஒன்று. அண்டர்லே. ஹால் சுற்றளவு 18.6 மீட்டர், நடை 14.2, அறை 14. அதில் வாசல்களைக் கழித்து ஸ்கர்ட்டிங். எம்.டி.எஃப். (அழுத்தின மரநார் அட்டை) ஸ்கர்ட்டிங் நனைந்தால் அடிப்பக்கம் தடித்துவிடும், அதைத் திருப்பி அடிக்க முடியாது. சாமான் நகர்த்தல், சுவரோடு பொருத்தின அலமாரியைக் கழற்றி மாட்டல், கதவின் அடியைச் சீவுதல், பெயிண்ட், எல்லாம் தனித்தனி வரியாக. அசெஸர் கணக்கில் பிளாஸ்டிக் தாளும் இல்லை, உலர்த்தும் செலவும் இல்லை, கவனித்தீர்களா?

குழாய்க்காரர் ஃபீனிக்ஸ்:

தம்பி, அந்த ஹோஸ் எங்கே? குப்பையில் போட்டிருந்தால் இப்போதே போய் எடுங்கள். இந்தக் கேஸில் முதல் சாட்சி அதுதான். ஜிப் பையில் போட்டு, கழற்றிய தேதி எழுதி வையுங்கள், அசெஸர் கேட்டால் படம் எடுத்துக்கொண்டபின் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள்.

பின்னல் ஹோஸ் ஏன் பிய்கிறது என்றால், வெளியே ஸ்டீல் பின்னல், உள்ளே ரப்பர் குழல். பேசினுக்கு அடியில் ஜிக், ப்ளீச் பாட்டிலை வைக்கிறோம், அதன் ஆவி பின்னல் கம்பியை அரிக்கும். நாலு கம்பி அறுந்தால் அந்த இடத்தில் ரப்பர் பலூன் மாதிரி பிதுங்கும், ஒரு நாள் படார். பிய்ந்த வாய் கிழிசலாக, ரப்பர் உதடு வெளியே பிதுங்கி இருந்தால் திடீர் வெடிப்பு. நட்டு பக்கம் பச்சையும் வெள்ளையுமாகச் சுண்ணாம்பு படிந்திருந்தால் நாள்பட்ட ஒழுகல். இதைப் படத்தோடு பிளம்பர் எழுதித் தரவேண்டும்: எந்தப் பொருள், எந்த இடத்தில், எப்படி உடைந்தது, என்றைக்குப் பார்த்தேன் என்று. பி.ஐ.ஆர்.பி. (பிளம்பர்களைப் பதிவு செய்யும் வாரியம்) பதிவு உள்ளவராகப் பாருங்கள். 'பர்ஸ்ட் பைப் ஃபிக்ஸ்ட்' என்று மூன்று வார்த்தை பில் கொடுப்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

ஈதெக்வினி (டர்பன் மாநகராட்சி) தண்ணீர் பில்லையும் சேருங்கள். கடந்த ஆறு மாத அளவு ஒரே சீராக இருந்து வெடித்த மாதம் மட்டும் குதித்திருந்தால் அழுத்தக் குழாயில் நாள்பட்ட கசிவு இல்லை என்பதற்கு நல்ல ஆதாரம். ஆனால் ஒன்று, ஷவர் தரையிலோ வடிகால் குழாயிலோ கசிந்தால் அது பில்லில் தெரியாது, ஏனென்றால் அந்தத் தண்ணீர் மீட்டரைத் தாண்டி ஏற்கனவே வந்துவிட்டது. உங்கள் வாசல் கறுப்பு அநேகமாக ஷவர் ஓரத்து சிலிக்கான் அடைப்பு போனதால் இருக்கும். கோப்புக்கட்டு அண்ணன் சொன்ன மாதிரி அதை விட்டுக்கொடுங்கள், ஆனால் சிலிக்கானை இப்போதே சரி செய்யுங்கள். புதுத் தளம் போட்டபின் மறுபடி கறுத்தால் அப்போது பேச வாயிருக்காது.

பழைய சாட்ஸ்வொர்த் இரட்டை வீடு என்றால் பொதுச் சுவருக்கு அந்தப் பக்கமும் எட்டிப் பாருங்கள். அங்கே ஈரம் ஏறியிருந்தால் அவர்கள் தங்கள் பாலிசியில் கேட்கட்டும்; நீங்களாகத் 'தப்பு எங்களுடையதுதான்' என்று எழுதிக் கொடுக்காமல், உங்கள் நிறுவனத்துக்கு ஒரு தகவல் மட்டும் போடுங்கள்.

பிரிட்டோரியா நண்பன்:

காசாக வாங்குவதே நல்லது. அவர்கள் அனுப்பும் ஒப்பந்தக்காரர் மலிவான பலகைதான் போடுவார். ஜன்னலைத் திறந்து ஒரு வாரம் மின்விசிறி போட்டால் காய்ந்துவிடும், நம் ஆளை வைத்துப் போட்டுக்கொள்ளலாம்.

மட்டப்பலகை:

நண்பரே, அது ஜூலை மாத பிரிட்டோரியாவில் சரி. காற்று வறண்டு கிடக்கும், ஜன்னல் திறந்தாலே தரை காயும். டர்பனில் கோடையில் ஜன்னலைத் திறந்தால் கடலிலிருந்து வரும் ஈரக் காற்றைத்தான் வீட்டுக்குள் அழைக்கிறோம். இங்கே முறை வேறு: பலகை, நுரை, தாள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஜன்னல் கதவை மூடி, காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டீஹியூமிடிஃபையரும் தரையோடு காற்று வீசும் விசிறியும். வாடகைக்கு எடுக்குமுன் நிறுவனத்திடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். சேதம் பெருகாமல் தடுப்பது பாலிசிப்படி உங்கள் கடமை என்பதால் அந்தச் செலவைக் கேட்பதில் தவறில்லை. பதில் வர இரண்டு நாள் ஆனால் காத்திருக்க வேண்டாம், நனைந்த நுரைக்கு அடியில் பூஞ்சை அதற்குள் பிடித்துவிடும். படம் எடுத்து, ரசீது வைத்து, தொடங்கிவிடுங்கள்.

காய்ந்ததா என்பதைக் கையால் தொட்டுச் சொல்லக் கூடாது. சிமெண்ட் தரையில் 45 செ.மீ. சதுர பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட்டுப் பாருங்கள். தாளின் அடியில் வியர்த்தாலோ தரை நிறம் கறுத்தாலோ இன்னும் ஈரம் இருக்கிறது. இது முதல்கட்டச் சோதனைதான். பலகை போடுமுன் ஒப்பந்தக்காரர் ஹைக்ரோமீட்டர் (ஈரப்பதமானி) வைத்து அளவு எழுதித் தரவேண்டும், சார்பு ஈரப்பதம் 75 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மரம் சார்ந்த எதையும் போடாமல் இருப்பது நல்லது.

கோப்புக்கட்டு:

காசு பற்றி: காசு வாங்கினால் வேலை கெட்டால் பொறுப்பு உங்களுடையது. நிறுவனம் அனுப்பும் ஒப்பந்தக்காரர் செய்தால், கெட்டால் நிறுவனத்திடமே திரும்பப் போகலாம். அதோடு அவர்கள் தரும் காசு பெரும்பாலும் அவர்களுக்குக் கிடைக்கும் மொத்த வியாபார விலையில் இருக்கும்; அந்த 480-க்கு உங்களுக்கு யாரும் போட்டுத் தரமாட்டார்கள் என்றால், இரண்டு மதிப்பீடு வைத்து அதைச் சொல்லுங்கள். 'அப்படியானால் 480-க்கு உங்கள் ஆளையே அனுப்பிப் போட்டுக்கொடுங்கள்' என்று ஒரு வரி எழுதினால் பல நேரம் விலை தானாக ஏறும்.

இன்னொன்று. படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பி அதோடு விடாதீர்கள், அது படத்தைச் சுருக்கி, எடுத்த நேரம், இடம் போன்ற விவரத்தையும் நீக்கிவிடும். மூலக் கோப்பை மின்னஞ்சலில் இணையுங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் வீடு நனைந்து க்ளெய்ம் வாங்கியிருந்தால், அதற்குப் பின் தளம் மாற்றிய ரசீதையும் தேடி வையுங்கள். அதைக் கேட்காமல் விடமாட்டார்கள்.

சாட்ஸ்வொர்த்வாசி:

எல்லோருக்கும் நன்றி. ஹோஸ் கராஜில் இருந்தது, எடுத்துப் பையில் வைத்தாயிற்று. கிழிசல்தான், நட்டில் பச்சை இல்லை. 2022-இல் இந்தப் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. அசெஸருக்கு மின்னஞ்சல் போட்டுவிட்டு அறை வாசல் பட்டையைக் கழற்றினோம். நுரையை அழுத்தினால் தண்ணீர் வருகிறது. ஆனால் பிளாஸ்டிக் தாளுக்கு அடியில் சிமெண்ட் இல்லை, சிறிய சதுரமாகப் பழைய ஓடு. கரும்பழுப்பு, ஒரு பக்கம் 23 செ.மீ. இருக்கும். ஒரு மூலை உடைந்திருக்கிறது, அடியில் தார் மாதிரி கறுப்புப் பசை. சுரண்டி எடுத்துவிட்டுத் தரையைக் காயவைக்கலாமா?

மட்டப்பலகை:

சுரண்டாதீர்கள். 9 அங்குல ஓடு, அடியில் தார்ப்பசை, வீடும் அறுபது எழுபதுகளில் கட்டினது என்றால் ஓட்டிலோ பசையிலோ அஸ்பெஸ்டாஸ் (கல்நார்) இருக்க வாய்ப்புண்டு. இந்த நாட்டில் அஸ்பெஸ்டாஸுக்குத் தடை வந்தது 2008-இல்தான். ஓடு முழுசாக ஒட்டிக்கொண்டிருக்கும்வரை பயம் குறைவு. சுரண்டுவது, கிரைண்டர் வைப்பது, உலர்ந்த துடைப்பத்தால் பெருக்குவது, இவைதான் இழையைக் காற்றில் கிளப்பும். உடைந்த மூலையை ஈரத்துணியால் மூடி மேலே டேப் ஒட்டுங்கள். அந்த அறையில் தரையோடு வீசும் விசிறியைப் போடாதீர்கள், டீஹியூமிடிஃபையர் மட்டும் ஓடட்டும். ஒரு துண்டு ஆய்வகத்தில் சோதிக்கப்படும்வரை வேறு வேலை வேண்டாம். இருக்கிறது என்று வந்தால், பெயர்க்கும் வேலை பதிவு பெற்ற அஸ்பெஸ்டாஸ் ஒப்பந்தக்காரருடையது. பெயர்க்காமல் மேலே மூடிப் போடுவதும் ஒரு வழி, ஓடு அசையாமல் இருந்தால்.

இதில் ஒரு நல்லதும் இருக்கலாம். ஓடு கெட்டியாக ஒட்டியிருக்கும் இடத்தில் தண்ணீர் அதற்கு மேலேயே நின்றிருக்கும், கீழே சிமெண்ட் அதிகம் குடித்திருக்காது. ஓட்டின் மேல் வைக்கும் ஈரமானி அளவை மட்டும் நம்ப வேண்டாம், ஓடு கீழே உள்ள ஈரத்தை மறைத்துவிடும். விரல் மூட்டால் தட்டிப் பாருங்கள்: கெட்டிச் சத்தம் என்றால் ஒட்டியிருக்கிறது, பொத்தென்று கேட்கும் ஓடுகளைச் சாக்பீஸால் வட்டமிட்டு எண்ணிக்கொள்ளுங்கள்.

கோப்புக்கட்டு:

இதை இன்றே அசெஸருக்கு எழுதுங்கள், படத்தோடு. நனைந்த தளத்தை அகற்றும்போது கண்ட பொருள் இது, பாதுகாப்பாக அகற்றுவதற்கோ மூடுவதற்கோ ஆகும் செலவு க்ளெய்மின் பகுதியா என்று எழுத்தில் பதில் கேளுங்கள். சில பாலிசிகளில் அஸ்பெஸ்டாஸ் தனி விலக்காக இருக்கும், சிலவற்றில் இடிபாடு அகற்றும் வரியில் அடங்கும். வாசகத்தைப் பார்த்தபின் அதை இங்கே போடுங்கள். பழைய 7,400 படிவத்துக்கும் ஒரு வரிப் பதில் அனுப்பிவிடுங்கள்: சேதத்தின் அளவு இன்னும் தெரியவில்லை, ஆகவே ஏற்கவில்லை.